தாழும் வழியும்

புதுமனை எழுப்புவோர் வாயில் நிலை நிறுத்துங்கால் நாளும் வேளையும் பார்ப்பர். நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, உற்றாரை அழைத்துச் சிறப்புச் செய்வர். அந்நிலையில் தொங்கப்போகும் கதவுக்குத் தாழும் கீலும் வாங்கச் செல்லும்போதோ, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தவற்றைப் பையிலிட்டுக்கொண்டு திரும்பிவிடுவர். கதவு எப்பக்கம் திறக்கவேண்டும், தாழ் எவ்வுயரத்தில் அமையவேண்டும், இருட்டில் கை அதனைத் தேடிக் கண்டுபிடிக்குமா என்பனவற்றையெல்லாம் எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. எண்ணாமையால் நாம் நாள்தோறும் இழப்பது ஒன்றுமில்லை. ஆனால், இழக்க நேரும் நாளில் இழப்பது பொன்னும் பொருளும் அன்று, உயிர்.

கதவுக்கு இரண்டு கடமைகள் உண்டு. வேண்டாதவனை வெளியே நிறுத்துதல் ஒன்று. உள்ளே இருப்பவன் வேண்டும்பொழுது அவனை வெளியே விடுதல் மற்றொன்று. முன்னதை நாம் மறப்பதே இல்லை. படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்க்காதவர் யார்? பின்னதை நினைப்பதற்குக் காரணம் இல்லாமையால் அது மறந்துபோகிறது. கள்வர் பயம் இரவுதோறும் உண்டு. தீயின் பயமோ பலர்க்கு வாழ்நாளில் ஒருமுறையும் வாராது.

ஈண்டுச் சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். இன்று நாம் வழங்கும் ‘சாவி’ என்னும் சொல் போர்ச்சுகீசியரோடு வந்தது. ‘சன்னல்’ என்பதும் அவர்தம் கொடையே. அதற்கு நம் மொழியில் உள்ள சொல் ‘திறவுகோல்’ என்பது. அக்கருவி பூட்டவும் பயன்படுகிறது, திறக்கவும் பயன்படுகிறது. ஆயினும், பெயரிட்டவர் பூட்டுதலைக் கருதவில்லை, திறத்தலையே கருதினர். இவ்வொரு சொல்லில் அடங்கிய கருத்தை மேலைநாட்டார் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட வரலாற்றை இனிக் காண்போம்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சண்டர்லாந்து என்னும் ஊர் உளது. அவ்வூரில் விக்டோரியா மண்டபம் என்ற அரங்கில், 1883ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள், குழந்தைகளுக்கென்று ஒரு மாய வித்தைக் காட்சி நடைபெற்றது. கீழ்த்தளத்திலும் மேல்மாடத்திலும் குழந்தைகள் நிறைந்திருந்தனர். மேல்மாடத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பெற்றோர் துணைவரப் பெற்றவர் சிலரே. காட்சி முடியும் தறுவாயில், குறித்த எண்ணுள்ள சீட்டு வைத்திருக்கும் குழந்தைகளுக்கு வெளியேறும்போது பரிசு தரப்படும் என்று அறிவித்தனர். மேடையிலிருந்து கீழ்த்தளத்துக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைக் கொடுக்கவும் தொடங்கினர். தமக்குக் கிடையாமல் போய்விடுமோ என்று அஞ்சிய மேல்மாடத்துச் சிறுவர் படிகளில் இறங்கி ஓடினர்.

படியின் அடியில் ஒரு கதவு இருந்தது. அஃது உட்புறமாகத் திறக்கும் கதவு. அன்றியும், ஒரு குழந்தை மட்டும் புகுந்து செல்லும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதனைத் தரையில் தாழிட்டு நிறுத்தியிருந்தனர். ஒவ்வொருவராக வந்தால் சீட்டுகளைச் சரிபார்ப்பது எளிதாகும் என்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. முன்னே வந்த குழந்தை அவ்விடைவெளியில் சிக்கிற்று. அடுத்த குழந்தை அதன்மேல் விழுந்தது. பின்னே வருவோர்க்கு முன்னே நிகழ்வது தெரியாது. அவர்கள் மகிழ்ச்சியோடு ஓடி வந்துகொண்டே இருந்தனர். தாழ் கதவின் மறுபக்கத்தில் இருந்தமையால் வெளியே நின்ற பெரியவர்களால் அதனை எடுக்க இயலவில்லை. இடைவெளி வழியே ஒவ்வொரு குழந்தையாகப் பிடித்து இழுத்தனர். மூச்சடைத்து மாண்ட குழந்தைகள் 183 பேர். தீ இல்லை; புகை இல்லை; கள்வனும் இல்லை. கதவும் தாழும் பரிசுப் பொருளுமே இருந்தன.

உட்புறம் திறக்கும் கதவின் இயல்பை மாணவர்கள் நன்கு உணர்தல் வேண்டும். கதவை உட்புறமாக இழுத்துத் திறப்பதற்கு, அதன் முன்னே அது சுழன்று வருதற்குரிய வெற்றிடம் தேவை. தனியே வரும் ஒருவன் ஓரடி பின்வாங்கி இழுத்துக்கொள்கிறான். பின்னே நூறு பேர் நெருக்கும்போது முன்னே நிற்பவன் ஓர் அங்குலமும் பின்வாங்க இயலாது. அவன் மார்பே கதவை அடைத்துவிடுகிறது. பின்னிருப்போர் தப்பிக்க வேண்டி எவ்வளவு தள்ளுகின்றனரோ, அவ்வளவுக்குக் கதவு இறுகுகிறது. வெளிப்புறம் திறக்கும் கதவிலோ அதே நெருக்கம் கதவைத் திறந்துவிடுகிறது. மரம் ஒன்றே, கீல் ஒன்றே. கீலைப் பொருத்திய பக்கம் மட்டும் வேறு.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் இங்கிலாந்தில், மக்கள் கூடும் மண்டபங்களின் கதவுகள் வெளிப்புறம் திறத்தல் வேண்டும் என்னும் விதிகள் எழுந்தன. இராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் உள்ளிருந்து தள்ளிய அளவில் திறந்துகொள்ளும் ஒரு தாழை ஆக்கி, 1892இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். விக்டோரியா மண்டபம் 1941இல் குண்டுவீச்சில் அழிந்தது. இறந்த மகவை மடியில் ஏந்திய தாயின் கற்சிலை ஒன்று அவ்வூர்ப் பூங்காவில் இன்றும் உளது.

ஒரு நாட்டார் கற்ற பாடத்தை மற்றொரு நாட்டார் கேட்டுத் தெரிந்துகொள்வது அரிது போலும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இராக்குவா என்னும் நாடக அரங்கை 1903ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திறந்தனர். தீயால் சிறிதும் அழிக்க இயலாத அரங்கு என்று அதனை விளம்பரம் செய்தனர். ஐந்து வாரங்கள் கழிந்தன. திசம்பர் 30ஆம் நாள் பிற்பகல், விடுமுறைக் காலமாதலின், தாய்மாரும் சிறுவரும் அரங்கை நிறைத்திருந்தனர். மேடை விளக்கு ஒன்றின் பொறி திரைச்சீலையைப் பற்றியது. தீயைத் தடுக்கவென்று அமைத்திருந்த கல்நார்த் திரை பாதி வழியில் சிக்கி நின்றது.

அவ்வரங்கில் வாயில்களுக்குக் குறைவில்லை. ஏறத்தாழ முப்பது இருந்தன. ஆயினும், அழகு கருதிப் பலவற்றைத் திரைகளால் மறைத்திருந்தனர். சிலவற்றில் அந்நாட்டார் முன்பின் கண்டிராத ஐரோப்பிய முறைத் தாழ்கள் இருந்தன; பட்டப்பகலில் அமைதியாக ஆராய்வார்க்கே அவை திறக்கும் வகை எளிதில் விளங்காது. மலிந்த விலைச் சீட்டு வாங்கியோர் உயர்ந்த இருக்கைகளுக்குச் சென்று அமர்ந்துவிடாதபடி, மாடப்படிகளுக்கு இரும்புக் கதவு இட்டுப் பூட்டியிருந்தனர். சில காசுகள் குறைந்துவிடலாகாது என்று இட்ட பூட்டு அது. அன்று மாண்டோர் 602 பேர்.

அந்நாடகத்துக்குச் செல்லக் கருதியிருந்தவருள் கார்ல் பிரின்சிலர் என்பவரும் ஒருவர். இந்தியானாபொலிசு நகரில் வானகட் என்பாரது இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளராக இருந்தவர் அவர். தொழில் காரணமாக வேறிடம் செல்ல நேர்ந்தமையால் உயிர் பிழைத்தார். நாள்தோறும் தாழும் கீலும் விற்பவர் ஆதலின், அறுநூறு பேரை மாய்த்தவை தம் கடைச் சரக்கைப் போன்ற பொருள்களே என்னும் எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. என்றி டூபாண்ட் என்னும் கட்டடக் கலைஞரோடு கூடி ஆராய்ந்து ஒரு கருவி கண்டார். அது 1908இல் விற்பனைக்கு வந்தது. வானகட், டூபாண்ட், பிரின்சிலர் ஆகிய மூவர் பெயரினின்றும் எழுத்துகள் எடுத்து அதற்கு ‘வான் டூபிரின்’ எனப் பெயரிட்டனர். அப்பெயர் இன்றும் உலகெங்கும் கதவுகளில் பொறிக்கப்பட்டு வருகிறது.

இவ்வகைத் தாழை வணிகர் ‘பேனிக் பார்’ என்பர். நாம் தள்ளுதாழ் என்று வழங்குவோம். பெரிய திரையரங்குகளிலும் மருத்துவமனைகளிலும் இதனை நீங்கள் பார்த்திருக்கலாம். கதவின் உட்புறத்தில், இடுப்பளவு உயரத்தில், ஒரு தண்டு குறுக்கே அமைந்திருக்கும். அதனைத் தள்ளினால், கதவின் மேலும் கீழும் செல்லும் கம்பிகள் அசைந்து, நிலையிற் பதிந்துள்ள தாழ்நாக்குகள் உள்வாங்கும். கதவு வெளியே திறந்துகொள்ளும். திருக வேண்டுவதில்லை, தேட வேண்டுவதில்லை, படித்தறிய வேண்டுவதும் இல்லை. கையில் குழந்தையை ஏந்தியவள் தோளால் தள்ளலாம். மயங்கி விழுபவன் உடம்பு பட்டாலும் போதும். கூட்டத்தின் நெருக்கம், சண்டர்லாந்தில் கொன்ற அதே நெருக்கம், இங்கே திறவுகோல் ஆகிறது.

வெளிப்புறத்திலோ தண்டும் இல்லை, பிடியும் இல்லை. வெளியே நிற்பவனுக்கு அஃது ஒரு சுவர். இதுவே இக்கருவியின் நுட்பம். பொருட்காவலும் உயிர்க்காவலும் ஒன்றோடொன்று மாறுபட்டவை என்று பலர் கருதுகின்றனர். ஒரே தாழ் ஒருபுறத்தார்க்கு அடைப்பாகவும் மறுபுறத்தார்க்கு வழியாகவும் அமையக்கூடும் என்று தெளிந்தால் அம்மாறுபாடு பெரும்பாலும் மறைந்துபோகிறது. ‘பெரும்பாலும்’ என்றேன், முற்றும் மறைவதில்லை. உள்ளிருந்தே களவு நிகழும் என்று உரிமையாளர் அஞ்சுமிடத்தில் இத்தாழ் பயன்படாது. அவ்வச்சத்தால் விளைந்த கொடுமையே இனிக் கூறப்போவது.

நியூயார்க்கு நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் 8, 9, 10ஆம் மாடிகளில் டிரையாங்கிள் என்னும் தையற்சாலை இருந்தது. மகளிர் அணியும் மேற்சட்டை அங்கே தைக்கப்பட்டது. பணியாளர் ஏறத்தாழ ஐந்நூற்றுவர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புக்கு வந்த குடும்பத்து இளம்பெண்கள். கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள் உண்டு. வேலை முடிந்து செல்லுங்கால் ஒரு படிக்கட்டு வழியே மட்டும் செல்லுமாறு செய்து, ஒவ்வொருத்தியின் கைப்பையையும் திறந்து பார்ப்பது வழக்கம். துணித் துண்டு ஏதும் களவுபோகாமற் காப்பதற்கு இந்த ஏற்பாடு. மற்றைப் படிக்கட்டுக்குச் செல்லும் கதவு பூட்டப்பட்டிருக்கும்.

1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குச் சிறிது முன்னர், 8ஆம் மாடியில் துணிக்கழிவுத் தொட்டி ஒன்றில் தீப்பற்றியது. 10ஆம் மாடியில் இருந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி வழியே செய்தி சென்றது. உரிமையாளர் இருவரும் அங்கே இருந்தனர். அவர்களும் உடனிருந்தோரும் கூரை மீதேறி அடுத்த கட்டடத்துக்குச் சென்று தப்பினர். 9ஆம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீயே வந்து சொல்லிற்று.

அம்மாடியிலிருந்தோர் ஒரு படிக்கட்டை நோக்கி ஓடினர். சிலர் தப்பியபின் அது தீயால் மூடுண்டது. மற்றைக் கதவை நோக்கி ஓடினர், அது பூட்டியிருந்தது. மின்தூக்கி இயக்கிய தொழிலாளர் புகையினூடே மீண்டும் மீண்டும் மேலேறிப் பலரைக் காத்தனர். அவர்கள் செயல் போற்றத்தக்கது. வெளிச்சுவரில் அமைத்திருந்த இரும்புப் படி பாரம் தாங்காது முறிந்தது. தீயணைப்போர் கொணர்ந்த ஏணி 6ஆம் மாடி வரையே எட்டியது. பலர் சன்னல் வழியே குதித்தனர். அன்று மாண்டோர் 146 பேர்; அவருள் 123 பேர் பெண்கள்.

அந்நாளிலேயே அம்மாநிலத்தில் சட்டம் இருந்தது. வேலை நேரத்தில் தொழிற்சாலைக் கதவைப் பூட்டுதலோ தாழிடுதலோ கூடாது என்று அது தெளிவாகக் கூறியது. ஆதலின் உரிமையாளர் மீது வழக்குத் தொடுத்தனர். சாம்பலிலிருந்து எடுத்த கருகிய கதவுத் துண்டு ஒன்றை நீதிமன்றத்தில் வைத்தனர். அதில் பூட்டு இருந்தது. பூட்டின் நாக்கு வெளியே நீண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் சாட்சி கூறினர். அவற்றைவிட அவ்விரும்புத் துண்டின் சாட்சியே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், அந்த நேரத்தில் அக்கதவு பூட்டியிருந்தது என்பதை உரிமையாளர் அறிந்திருந்தனர் என ஐயமற மெய்ப்பிக்கவேண்டும் என்று நடுவர் அறங்கூறுவோர்க்கு உரைத்தார். 1911 திசம்பர் 27ஆம் நாள் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர்.

அவ்வழக்கில் உரிமையாளருள் ஒருவரை, களவுபோன பொருளின் மதிப்பு எவ்வளவு இருக்கும் என்று வினவினர். 25 டாலருக்கு மேல் இராது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். மற்றவர் 1913இல் தம் புதிய தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காக மீண்டும் பிடிபட்டார். அவருக்கு விதித்த தண்டம் 20 டாலர். நூற்று நாற்பத்தாறு பேர் மாண்டு இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன! மனிதன் மனத்தில் களவின் அச்சம் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டு இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், அறைக்குள் ஒருவர் இருக்கும்வரை, உள்ளிருந்து எளிதாகவும் உடனடியாகவும் திறக்க இயலாதபடி வெளியேறும் கதவைப் பூட்டலாகாது என்றும், தள்ளி நகர்த்தும் கதவு அல்லாதவை வெளிப்புறம் திறத்தல் வேண்டும் என்றும் விதித்தது. சண்டர்லாந்தும் நியூயார்க்கும் அவ்விதியில் மறைந்து நிற்கின்றன. விதி ஏட்டில் இருந்தும், 1997 சூன் 13ஆம் நாள் தில்லியின் உப்கார் திரையரங்கில், மின்மாற்றியிலிருந்து எழுந்த புகை மாடத்தை நிறைத்தபோது, கதவுகள் திறவாமையால் 59 பேர் மாண்டனர். 2012 செப்டம்பர் 11ஆம் நாள் கராச்சியில் ஒரு தையற்சாலை எரிந்தது. வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தமையால் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நியூயார்க்கிலும் தையற்சாலை, நூறாண்டு கழிந்து கராச்சியிலும் தையற்சாலை.

பொருளைக் காப்பவன் கூற்றையும் நாம் கேட்டல் வேண்டும். களவு கற்பனை அன்று. வெளிப்புறம் திறக்கும் கதவின் கீல் வெளியே தெரியும். அதன் முளையைக் கழற்றிக் கதவையே பெயர்த்துவிடுவான் கள்வன். ஆதலின் அத்தகைய கதவுக்கு முளை கழலாத கீல் இடுவர். கதவுக்கும் நிலைக்கும் இடையே கம்பியை நுழைத்து உட்தாழை அசைப்பான். அவ்விடைவெளியை மறைக்க வெளியே ஒரு தகடு பொருத்துவர். கடையில் பொருளை எடுத்துக்கொண்டு பின்வாயிலால் ஓடுபவனுக்கு என் செய்வது? பூட்டுக்கு மாறாக மணியை வைக்கலாம். கதவு திறந்த நொடியிலேயே அது முழங்கும். இன்னும் காவல் வேண்டும் இடங்களில், தண்டைத் தள்ளியதும் மணி ஒலித்து, 15 நொடி கழிந்தபின் கதவு திறக்கும் ஓர் அமைப்பை அமெரிக்காவில் சில வகைக் கட்டடங்களுக்கு ஒப்புகின்றனர். தீயறிவிப்பு எழுந்தாலோ மின்சாரம் நின்றாலோ, அந்தப் பதினைந்து நொடியும் இன்றி உடனே திறந்துகொள்ளும். காவலன் ஓடி வருவதற்குப் பதினைந்து நொடி போதும். பெரும்பாலான கள்வர்க்கு அஃது ஓர் ஊழி.

இக்காலத்து மின்காந்தப் பூட்டுகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மின்சாரம் உள்ளவரை காந்தம் கதவைப் பற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் பிடி விட்டுவிடும். வேறொரு வகைப் பூட்டு, மின்சாரம் நின்றாலும் வெளியிலிருந்து பூட்டியபடியே இருக்கும். முன்னது உயிர்க்குத் துணை. பின்னது பொருட்குத் துணை. பின்னதை இடுமிடத்தில், உள்ளிருந்து கையால் திறக்கும் பிடி கட்டாயம் இருத்தல் வேண்டும். அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவு உள்ள அலுவலகத்தில் பணிபுரிவோர், அட்டையின்றி வெளியே வரும் வழி யாது என்று முதல் நாளே கேட்டு வைத்தல் நன்று. கேட்பதற்கு நாணுவர் பலர்.

தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதார் வாழும் இடங்களே இவற்றுள் அரியன. அவர்களைத் தனியே வெளியே விடலும் ஆகாது. உள்ளே அடைத்துவிட்டு அகலலும் ஆகாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகத்து 6ஆம் நாள் விடியுமுன், மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். ஓடிவிடாமல் இருப்பதற்கென்று இட்ட சங்கிலி அது. இத்தகைய இடத்தில் எத்தாழும் ஆளுக்கு ஈடாகாது. இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவர் வேண்டும், அவர் இடுப்பில் திறவுகோல் வேண்டும்.

இதுகாறும் திறத்தலையே வற்புறுத்தினேன். அடைந்திருக்கவேண்டிய கதவும் உண்டு. பெரிய கட்டடங்களில் படிக்கட்டின் வாயிலில் தீயைத் தாங்கும் கனத்த கதவை அமைத்து, தானே சாத்திக்கொள்ளும் கருவியையும் மேலே பொருத்துவர். தீ விபத்துகளில் எரிந்து மாள்வாரினும் புகையால் மாள்வாரே மிகுதி. அப்புகை படிக்கட்டில் ஏறாமல் தடுப்பது அக்கதவே. வருவோரும் போவோரும், காற்று வேண்டும் என்றோ, கை வலிக்கிறது என்றோ, அதன் கீழே ஒரு மரத்துண்டைச் செருகித் திறந்து வைத்துவிடுகின்றனர். நான் கண்ட மருத்துவமனை ஒன்றில் அதற்கென்றே ஓர் ஆட்டுக்கல்லை உருட்டி வைத்திருந்தனர். பூட்டிய கதவு கொல்வது போலவே, முட்டுக்கொடுத்த கதவும் கொல்லும். திறந்தே இருத்தல் வேண்டுமாயின், காந்தப் பிடியில் நிறுத்தி, தீயறிவிப்பு எழுந்தவுடன் தானே விடுபட்டுச் சாத்திக்கொள்ளுமாறு செய்யலாம்.

வீடுகளில் இவ்வளவு கருவிகள் வேண்டா. முன்வாயிலில் இரும்புக் கிராதி இட்டு, இரவில் உட்புறமாகப் பூட்டுத் தொங்கவிட்டு, சாவியை எங்கோ ஒளித்துவைத்து உறங்குகின்றனர் பலர். சன்னல்களிலும் கம்பி. அவ்வீட்டில் சிறுவனை எழுப்பி, “சாவி எங்கே உள்ளது?” என்று கேட்டால் அவனுக்குத் தெரிவதில்லை. வெளியே நிற்பவன் கைக்கு எட்டாததும், உள்ளிருப்போர் அனைவரும் இருட்டில் தடவி எடுக்கத்தக்கதுமான ஓர் ஆணியில் அதனை மாட்டி வைக்கலாம்.

இவற்றையெல்லாம் பிறர்க்குக் கூறும் தகுதி எனக்கு உண்டோ என ஐயுறுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தபோது, மாணவர் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் எனக்கு அமைந்தது. மாடியில் நாற்பது மாணவர் உறங்குவர். அவருள் சிலர் இரவில் இறங்கி, இரண்டாம் ஆட்டம் திரைப்படத்துக்குச் செல்வதாக அறிந்தேன். திண்டுக்கல்லிலிருந்து உறுதியான பூட்டு ஒன்று வாங்கிவந்து, படிக்கட்டின் அடியிலிருந்த கிராதிக் கதவில் நானே தொங்கவிட்டேன். சாவிக் கொத்தைத் தலையணைக்கடியில் வைத்து நிம்மதியாக உறங்கினேன்.

பங்குனித் திங்களில் ஓர் இரவு, படிக்கட்டின் கீழிருந்த மின்பெட்டி புகைந்து எரிந்தது. கூச்சல் கேட்டு எழுந்து, கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கிராதியின் கம்பிகளூடே கைகள் நீண்டிருந்தன. நான் எடுத்து வந்தது நூலக அலமாரிகளின் சாவிக்கொத்து என்பதை, மூன்றாவது சாவியும் பொருந்தாதபோதுதான் உணர்ந்தேன். சமையற்காரர் கடப்பாரை கொணர்ந்து நாதாங்கியைப் பெயர்த்தார். பூட்டு அசையவில்லை, அவ்வளவு நல்ல பூட்டு. மாணவர் அனைவரும் இருமிக்கொண்டே வெளியே வந்தனர். எவர்க்கும் ஊறில்லை. கடைசியில் வந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஐயா, சாவி கிடைத்துவிட்டதா?” என்று கேட்டான்.

மறுநாளே அக்கதவில் பூட்டை நீக்கி, உட்புறத்தில் எளிதில் நீக்கும் கொண்டி ஒன்றை அமைத்தேன். கதவின் மேல் ஒரு வெண்கல மணியைக் கட்டி, அதன் கயிற்றைக் கதவோடு பிணைத்தேன். கோடை விடுமுறைக்குள் அம்மணி நள்ளிரவில் இருமுறை ஒலித்தது. இருமுறையும் இரண்டாம் ஆட்டத்துக்குப் புறப்பட்டவர்களே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாயிலில் அவர்களுக்காக நின்றேன். அத்திண்டுக்கல் பூட்டு என் வீட்டுச் சுவரில், திறந்தபடியே, ஓர் ஆணியில் தொங்குகிறது.